குறைமாதக் குழந்தையும் பாட்டியின் சங்கும்

ஜித்தா ஷரஃபியாவில் பிரசவத்தை எதிர்நோக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஊரிலிருந்து வரும் பெட்டியில், வசம்போடு ஒரு வெள்ளிச் சங்கும் இருப்பது வழக்கம். குழந்தை மாதம் முந்திப் பிறந்துவிட்டாலோ சங்கு அலமாரியிலேயே தங்கிவிடும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடக்கும் சிசுவைக் கண்டு, "வாயில் ஒரு சொட்டுப் பால் விடமாட்டேன் என்கிறார்களே" என்று பாட்டிமார் கலங்குவது இயல்பு.

அந்தக் குழாய் குழந்தையைப் பட்டினி போடுவதற்கல்ல. சப்புதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்க வேண்டும். தவறினால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 28 வாரத்துச் சிசுவும் விரலைச் சப்பும். ஆனால் இந்த ஒழுங்கு பெரும்பாலும் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது. அதுவரை தாய்ப்பாலே குழாய் வழியாக அளந்து செலுத்தப்படுகிறது.

காத்திருக்கும் நாட்கள் வீணல்ல. பாலைப் பீய்ச்சி எடுத்தபின் அந்த மார்பிலேயே குழந்தையைச் சப்பவிடுவது நல்ல பயிற்சி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறைப்படி, தாயோ தகப்பனோ மார்பில் தோலோடு தோல்படச் சேர்த்து அணைத்திருப்பதும் அப்படியே.

பிறகு சங்கின் முறை வரும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் 'பாலாடை' என்ற பெயரில் அது இன்றும் புழங்குகிறது. 1999-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், கிண்ணத்தையும் புட்டியையும்விடச் சங்கில்தான் சிசுக்கள் விரைவில் அதிகம் குடித்தன. 2007-இல் இங்கிலாந்தில் பார்த்தபோதோ சங்கில் பால் அதிகம் சிந்தியது, நேரமும் கூடியது. புகட்டும் கைப்பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

ஆகவே நர்ஸம்மா முன்னிலையில் பழகிக்கொண்ட பிறகே வீட்டில் புகட்ட வேண்டும். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலை உயர்ந்திருக்க வேண்டும். கடைவாயில் சிறிது விட்டு, விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றும் பழைய வழக்கம் அறவே கூடாது. உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும். சங்கையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் வேகவைக்க வேண்டும்.

இன்னொன்று, சேனை தொட்டு வைப்பது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து, கை கால்களைத் தளரச்செய்து மூச்சையே முடக்கக்கூடும். நிறைமாதக் குழந்தைக்கும் ஒரு வயது வரை தேன் கூடாது. மாமியார் கோபித்துக்கொண்டால் பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம். அவர்களுக்கு அது பழகிப்போனதுதான்.