பாரசீகப் பூனை

நுழையுமுன்

வெருகு, பூசை என்பன பூனைக்கு வழங்கும் பழந்தமிழ்ப் பெயர்கள். நம் தெருக்களில் திரியும் பூனையின் உரோமம் குட்டையானது, உடல் ஒல்லியானது, முகம் சற்றே நீண்டது. ஆயினும் தில்லி, மும்பை, பெங்களூரு முதலிய பெருநகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வேறொரு பூனையையும் இன்று காண்கிறோம். உடல் முழுவதும் பஞ்சுபோன்ற நீண்ட உரோமம், உருண்டை முகம், அகன்ற விழிகள் ஆகியவற்றைக் கொண்ட அதுவே பாரசீகப் பூனை. அப்பூனை எங்கிருந்து வந்தது? அதன் அழகு எவ்வாறு உருவாயிற்று? அவ்வழகுக்காக அப்பூனை எதனை இழந்தது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

பயணியின் மடல்

இன்று ஈரான் எனப்படும் நாட்டினை ஐரோப்பியர் முற்காலத்தில் பாரசீகம் என்று அழைத்தனர். அந்நாட்டின் வடகிழக்குப் பகுதி கொராசான் ஆகும். மலையும் மேட்டுநிலமும் நிறைந்த அப்பகுதியில் குளிர்காலம் கடுமையானது.

இத்தாலி நாட்டைச் சேர்ந்த பியட்ரோ டெல்லா வல்லே என்பவர் கிழக்கு நாடுகளைக் காணும் வேட்கையுடன் நெடும்பயணம் மேற்கொண்டார். பாரசீகத்தில் தங்கியிருந்தபோது, 1620ஆம் ஆண்டில் தாம் எழுதிய மடலொன்றில் கொராசான் பூனைகளைப் பற்றி அவர் குறிப்பிட்டார். வடிவிலும் அளவிலும் அவை பிற பூனைகளைப் போன்றனவே. ஆனால், அவற்றின் சாம்பல் நிற உரோமம் பட்டுப்போல் மென்மையும் பளபளப்பும் நீளமும் உடையது. வாலில் அது மிக நீண்டு விளங்குகிறது. இவ்வாறு வியந்த அவர், அப்பூனைகளைத் தம் ஊராகிய உரோமாபுரிக்குக் கொண்டு செல்லவும் விரும்பினார். இதே பயணி பின்னர் 1623ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து சூரத், கோவா முதலிய நகரங்களையும் கண்டார்.

பாரசீகத்திலிருந்து வந்த பூனைகள் மட்டுமே ஐரோப்பாவில் இருந்தன என்று எண்ணுதல் கூடாது. துருக்கி நாட்டின் அங்காரா நகரம் அக்காலத்தில் அங்கோரா எனப்பட்டது. அந்நகரின் பெயரால் அழைக்கப்பட்ட நீளுரோமப் பூனைகளும் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில் வளர்ந்தன. காலப்போக்கில் இவ்விருவகைப் பூனைகளும் ஐரோப்பியப் பூனைகளுடன் கலந்தன. இதனால், இன்றைய பாரசீகப் பூனையின் மரபணுக்களை ஆராய்ந்த அறிவியலாளர், அது மேற்காசியப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவினது என்று கண்டனர். பெயர் பாரசீகத்தைச் சுட்டினும், அதன் இன்றைய உருவம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அமைந்ததே ஆகும்.

கண்ணாடி மாளிகையில் ஒரு கண்காட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, இங்கிலாந்தில் பூனையை எலி பிடிக்கும் விலங்காக மட்டுமே பெரும்பாலோர் கருதினர். அதனைத் துன்புறுத்துவதைத் தவறென்று எண்ணாதவரும் பலர் இருந்தனர். இந்நிலையை மாற்ற விரும்பியவர் ஹாரிசன் வியர் என்னும் ஓவியர். விலங்குகளை உற்றுநோக்கி வரைவதில் வல்லவராகிய அவர், பூனையின் அழகை மக்கள் நேரில் கண்டால் அதனிடம் அன்பு கொள்வர் என்று நம்பினார்.

அவரது முயற்சியால் 1871ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், இலண்டனில் இருந்த படிக மாளிகையில் பூனைக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. மக்கள் திரளாக வந்து கண்டனர். அங்குப் பலரின் கருத்தைக் கவர்ந்தவற்றுள் பாரசீகப் பூனையும் ஒன்று. 1887ஆம் ஆண்டில் தேசியப் பூனைக் கழகம் தோன்றியபோது வியர் அதன் முதல் தலைவரானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பூனைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், அங்கோராவையும் பாரசீகப் பூனையையும் தனித்தனியே விளக்கினார்.

ஆயினும் அவர் நெடுநாள் அக்கழகத்தின் தலைவராக நீடிக்கவில்லை. உறுப்பினர் பலர் பூனைகளின் நலனைவிடப் பரிசு பெறுவதையே பெரிதாகக் கருதுகின்றனர் என்று மனம் வருந்தி, அப்பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வருத்தம் பொருளற்றதன்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

நீண்ட உரோமத்தின் மறைபொருள்

பூனையின் உரோமம் ஓர் அளவு வரை வளர்ந்ததும் 'வளர்ச்சியை நிறுத்துக' என்று கட்டளையிடும் மரபணு ஒன்று அதன் உடலில் உண்டு. அம்மரபணு மாற்றமுற்றுச் செயலிழந்தால், உரோமம் மேலும் நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். நீளுரோமப் பூனைகள் தோன்றிய காரணம் இதுவே.

ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, அம்மரபணுவின் இரண்டு படிகளைப் பெறுகிறது. இரண்டும் மாற்றமுற்றவையாக இருந்தால் மட்டுமே உரோமம் நீளும். ஒன்று இயல்பானதாக இருப்பினும் உரோமம் குட்டையாகவே அமையும். எனவே, குட்டை உரோமமுடைய தாயும் தந்தையும் மாற்றமுற்ற படி ஒன்றினைத் தம்முள் மறைத்து வைத்திருந்தால், அவற்றின் குட்டிகளுள் சராசரியாக நான்கில் ஒன்று நீளுரோமத்துடன் பிறக்கும். தெருப்பூனை ஈன்ற குட்டிகளுள் ஒன்று மட்டும் பஞ்சுப்பொதி போல் தோன்றுவதை நீங்களும் கண்டிருக்கலாம்.

தோற்றமும் இயல்பும்

பாரசீகப் பூனை நடுத்தர அளவினது. வளர்ந்த பூனை பெரும்பாலும் 3 முதல் 5.5 கிலோ வரை எடை இருக்கும். அதன் கால்கள் குட்டையானவை, ஆனால் உறுதியானவை. மார்பு அகன்றது. செவிகள் சிறியவை, முனை மழுங்கியவை. வால் குட்டையாயினும் அடர்ந்த உரோமத்தால் பருத்துத் தோன்றும். வெண்மை, கருமை, செம்மை, பாலேட்டு நிறம், நீலம் எனக் கூறப்படும் சாம்பல் நிறம் எனப் பல நிறங்களில் இப்பூனைகள் உள்ளன. நீலக் கண்களையுடைய வெண்பூனைகளுள் பல பிறவியிலேயே காது கேளாதவை.

இதன் குரல் மெல்லியது. உயரமான இடங்களுக்குத் தாவுவதைவிட ஓரிடத்தில் அமர்ந்து நோக்குவதையே இது விரும்பும். அமைதியான வீட்டினை நாடும். பேரொலியும் அடிக்கடி நேரும் மாற்றமும் இதனை அச்சுறுத்தும்.

இமயப் பூனை

பாரசீகப் பூனையின் உறவினத்தை இமயப் பூனை என்பர். பெயரைக் கேட்டதும் இது நம் இமயமலையில் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். அஃது உண்மையன்று. உடல் வெளுத்தும், செவியும் மூக்கும் கால்களும் வாலும் கருத்தும் இருக்கும் முயல் வகை ஒன்றுக்கு இமய முயல் என்று பெயர். அம்முயலின் நிற அமைப்பைப் பெற்றிருந்ததால் இப்பூனையும் அப்பெயரைப் பெற்றது.

அமெரிக்காவில் 1930களில், சயாம் நாட்டுப் பூனையின் நிறத்தையும் பாரசீகப் பூனையின் உரோமத்தையும் ஒருங்கே பெறும் நோக்குடன் நிகழ்ந்த இனக்கலப்பு ஆய்வுகளே இதன் தொடக்கம். இதன் நிறம் விந்தையானது. கருநிறத்தை உண்டாக்கும் நொதி உடலின் வெப்பத்தில் செயல்படாது. குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே செயல்படும். ஆகவே, உடலின் நடுப்பகுதி வெளுத்தும், வெப்பம் குறைந்த முனைப்பகுதிகள் கருத்தும் காணப்படுகின்றன. தாயின் வயிற்றின் கதகதப்பில் வளர்வதால், இதன் குட்டிகள் பிறக்கும்போது வெண்ணிறமாகவே உள்ளன.

அழகுக்குக் கொடுத்த விலை

பழைய ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் காணப்படும் பாரசீகப் பூனைக்கு எடுப்பான மூக்கு உண்டு. 1930கள் தொடங்கி, அமெரிக்காவில் செந்நிறப் பூனைகள் சிலவற்றிடையே மிகத் தட்டையான முகம் தோன்றியது. அதனைச் சிலர் அழகென்று கருதினர். தட்டை முகமுடைய பூனைகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தனர். கண்காட்சிகளில் அவை பரிசு பெற்றன. பரிசு பெற்றதால் மேலும் பெருகின. தலைமுறைதோறும் மூக்கு உள்வாங்கி, இறுதியில் கண்களுக்கு இடையே சென்று அமர்ந்தது. நம் நாட்டு விலங்கு வணிகர் எடுப்பான மூக்குடைய பூனையை 'டால் ஃபேஸ்' என்றும், தட்டை முகப் பூனையை 'பஞ்ச் ஃபேஸ்' என்றும் கூறுவர். பின்னதற்கே பெரும்பாலும் விலை மிகுதி.

மூக்கு குறுகியதால் நேர்ந்த துன்பங்கள் பல. மூக்குத் துளைகள் ஒடுங்கியமையால் இப்பூனை மூச்சுவிடத் திணறுகிறது. கண்ணீர் மூக்கின் வழியே வடியும் பாதை வளைந்து அடைபடுவதால், கண்களிலிருந்து நீர் ஓயாது வழிகிறது. தாடை சுருங்கியமையால் பற்கள் நெருங்கிக் கோணலாகின்றன. குட்டிகளின் தலை அகன்றிருப்பதால் மகப்பேறும் இடர் மிகுந்ததாகிறது.

இவ்வினத்தை வாட்டிய மற்றொரு துன்பம் சிறுநீரகக் கட்டி நோய். பிறக்கும்போதே சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய நீர்க்கட்டிகள் ஆண்டுதோறும் பெருத்து, இறுதியில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. நீளுரோமத்தைப் போலன்றி, இந்நோய்க்குத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து பெற்ற குறைபாடுடைய ஒற்றை மரபணுவே போதுமானது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2004ஆம் ஆண்டில் அறிவியலாளர் கண்டறிந்தனர். இன்று எளிய மரபணுச் சோதனையால் அதனை அறியலாம். தாயும் தந்தையும் அக்குறைபாடு அற்றவையாயின், குட்டிகளும் அற்றவையாகவே பிறக்கும். பரிசுக்காக மனிதர் செய்த தேர்வு துன்பத்தைப் பெருக்கியது. பொறுப்புடன் செய்யும் தேர்வு அத்துன்பத்தைக் குறைக்கவும் வல்லது.

வளர்ப்போர் கடமை

பாரசீகப் பூனையின் உரோமத்தை நாள்தோறும் சீவுதல் வேண்டும். தவறினால் உரோமம் சிக்குண்டு முடிச்சாகித் தோலை இழுத்து வருத்தும். கண்ணோரம் வழியும் நீரை ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்தல் வேண்டும். தில்லி, நாகபுரி போன்ற நகரங்களின் கோடை வெயிலில் இப்பூனை பெரிதும் வாடும்; ஆதலின் நிழலும் குளிர்ச்சியும் தண்ணீரும் எப்போதும் இன்றியமையாதவை. பால்சோறும் தயிர்ச்சோறும் பூனைக்குப் போதிய உணவல்ல. பூனை ஊனுண்ணி; டாரின் என்னும் சத்தினைத் தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாத அது, இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே அதனைப் பெறுகிறது.

இவற்றையெல்லாம் எண்ணாமல், அழகைக் கண்டு வாங்கி, பராமரிக்க இயலாமல் கைவிடுவோரும் உளர். வீட்டில் வளர்ந்த இப்பூனை தெருவில் தன்னைக் காத்துக்கொள்ள அறியாது. பூனை வளர்க்க விரும்புவோர் முதலில் பெற்றோருடன் கலந்து பேசுதல் வேண்டும். வாங்குவதாயின், மூக்கு எடுப்பான பூனையையும், பெற்றோர்ப் பூனைகளுக்குச் செய்த சோதனையின் சான்றையும் கேட்டறிதல் நன்று. தெருவில் பிறந்த பூனைக்குட்டி ஒன்றினை எடுத்து வளர்ப்பதும் நற்செயலே. அதற்கும் மென்மையான உரோமம் உண்டு. அன்பு செய்தால் அதுவும் நம் மடியில் வந்து உறங்கும்.

பூனையின் அழகைக் கண்டால் மக்கள் அதனிடம் அன்பு கொள்வர் என்று ஹாரிசன் வியர் நம்பினார். கண்டு மகிழ்வது மட்டும் அன்பாகாது. அவ்வுயிர் தடையின்றி மூச்சுவிட வேண்டும் என்று எண்ணுவதே அன்பாகும்.

சொற்பொருள்

மடல் – கடிதம்
வேட்கை – பெருவிருப்பம்
உரோமாபுரி – ரோம் நகரம்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
இடர் – துன்பம்
ஊனுண்ணி – இறைச்சியை உண்டு வாழும் உயிர்

இலக்கணக்குறிப்பு

நீண்ட உரோமம் – பெயரெச்சத்தொடர்
வெண்பூனை – பண்புத்தொகை
செவியும் மூக்கும் – எண்ணும்மை
கேளாதவை – எதிர்மறை வினையாலணையும் பெயர்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கொராசான் பூனைகளைப் பற்றி மடல் எழுதிய பயணி __________.
2. இலண்டன் படிக மாளிகையில் பூனைக் கண்காட்சி நடைபெற்ற ஆண்டு __________.
3. துருக்கியின் அங்காரா நகரம் முற்காலத்தில் __________ எனப்பட்டது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஹாரிசன் வியர் தலைவர் பொறுப்பிலிருந்து விலகியது ஏன்?
2. இமயப் பூனை அப்பெயர் பெற்ற காரணம் யாது?
3. பால்சோறு பூனைக்குப் போதிய உணவன்று. ஏன்?

இ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. தட்டை முகத்தால் பாரசீகப் பூனைக்கு நேரும் துன்பங்களைத் தொகுத்து எழுதுக.
2. நீளுரோமம், சிறுநீரகக் கட்டி நோய் ஆகிய இரண்டும் குட்டிகளுக்கு வந்து சேரும் முறையில் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஈ. மரபுத்தொடரை அறிவோம்.
'மதில்மேல் பூனை', 'பூனைக்கு மணி கட்டுதல்' ஆகிய தொடர்களின் பொருளை வீட்டில் பெரியோரிடம் கேட்டறிந்து, சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

உ. செயல்பாடு
மலையாளத்தில் பூனையைப் 'பூச்ச' என்பர். இது 'பூசை' என்னும் தமிழ்ச் சொல்லோடு ஒத்திருத்தலைக் காண்க. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் பூனைக்கு வழங்கும் பெயரையும், உங்கள் வகுப்புத் தோழர்களின் தாய்மொழிகளில் வழங்கும் பெயர்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.