லினக்சுக்கு மாறுவது எப்படி? பிரான்ஸ் காட்டிய வழி

மாணவர்களே, 2025 அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத கணினிகள் பல இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் இலவச லினக்சை ஏற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக் கணினி என்றால் ஒரே நாளில் ஏற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனம் என்ன செய்யும்?

சிக்கல் எங்கே?

இயங்குதளம் ஓர் உணவகத்தின் சமையலறை போன்றது. நாம் பயன்படுத்தும் மென்பொருள், ஆர்டர் எடுப்பவர். "கோப்பைச் சேமி", "அச்சிடு" என்று அவர் சொல்ல, சமையலறை வேலையை முடித்துத் தரும். விண்டோசுக்காக எழுதப்பட்ட மென்பொருள் விண்டோசின் மொழியில்தான் ஆர்டர் சொல்லும். லினக்ஸ் சமையலறைக்கு அம்மொழி நேரடியாகப் புரியாது. ஆகவே, லினக்சை ஏற்றுவது எளிது. பழகிய மென்பொருள்களை விட்டு வருவதுதான் கடினம்.

பிரான்ஸ் செய்தது

பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படை, இயங்குதளத்தில் முதலில் கை வைக்கவில்லை. 2005-இல் ஆவணங்கள் தயாரிக்க ஓப்பன் ஆபிசுக்கு மாறியது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் மின்னஞ்சல். இவை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுபவை. ஊழியர்கள் இவற்றில் பழகிய பிறகே, 2008-இல் உபுண்டு லினக்சுக்கு மாறும் பணி தொடங்கியது. சமையலறை மாறினாலும் ஆர்டர் எடுப்பவர் அதே ஆள்! 2024-இல் அப்படையின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறக்குறைய 97 விழுக்காடு லினக்சில் ஓடின.

மியூனிக் கற்ற பாடம்

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. சுமார் 15,000 கணினிகளை மாற்றியும் காட்டியது. ஆனால், விண்டோசில் மட்டுமே ஓடும் சில சிறப்பு மென்பொருள்கள், வெளி அலுவலகங்களுடன் ஆவணப் பரிமாற்றம், ஊழியர்களின் புகார்கள், அரசியல் எனத் தொல்லைகள் தொடர்ந்தன. 2017-இல் விண்டோசுக்கே திரும்ப மாநகர மன்றம் வாக்களித்தது. தொழில்நுட்பம் கைகொடுத்தால் மட்டும் போதாது. பயன்படுத்துவோரும் உடன் வர வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு வாரம் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். எவை லினக்சிலும் ஓடும் என்று தேடிக் குறியிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆபிஸ் மூன்றும் ஓடும். குறியில்லாமல் எஞ்சுபவை எத்தனை? லினக்சுக்கு மாற உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.