பேப்பரில் வந்தது, போனில் வந்தது

திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 குதங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பெரும்பாலானவை பற்றைக்காட்டுக்குள் துருவேறிக் கிடக்கின்றன. 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இவற்றின் பேச்சு வந்ததிலிருந்து ஊர் பேசிக்கொண்டே இருக்கிறது.

முன்பு அந்தப் பேச்சு சனசமூக நிலையத்து வாங்கோடு நின்றுவிடும். யாரோ ஒருவர்தான் வீரகேசரிக்கோ தினகரனுக்கோ கடிதம் எழுதுவார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, பெயரும் முகவரியும் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டும். பத்திரிகையில் பாதியை வெட்டிவிட்டு, வருமென்ற நினைப்பே போன ஒரு நாளில் ஆறு வரி போடுவார்கள். "பேப்பரிலயே வந்திட்டுது, பிறகென்ன?" முந்தின கிழமை தேத்தண்ணிக் கடையில் அவரை மறித்துப் பேசியவர்கூட அதன்பிறகு வாய் திறக்கமாட்டார். அதில் அநியாயமும் இருந்தது. கரைவலை இழுப்பவர் கடிதம் எழுதவில்லை, குதத்துக்குள் இறங்கித் துரு சுரண்டியவரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவரின் அபிப்பிராயமே ஊரின் அபிப்பிராயமாயிற்று.

எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் திறந்த அந்தப் படலை இன்று இல்லை. துரு சுரண்டியவரும் பேசலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் அவர் பேச்சு எடுபடுகிறதா? 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 24 குதங்கள் அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரிந்தன. கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தின் பங்கு. இதை எடுத்துச் சொன்னவரின் பதிவும், "எல்லாம் வித்தாச்சு" என்ற ஒற்றை வரியும் முகநூலில் ஒரே எழுத்தில், ஒரே அளவில் வந்தன. வாசிப்பவரின் கண் போவது எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதற்கு. அச்சுக்கு இருந்த மரியாதை இப்போது அந்த எண்ணிக்கைக்கு.

எனக்கு அச்சை விடப் பெரிதாகப் படுவது பெயர், அதாவது சொல்பவர் யார் என்பது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளிப் பத்திரிகையின் பிரதேச நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. அதன்பிறகு கைக்குண்டுக் கதை எடுபடவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை எவருக்கும் தண்டனை இல்லை. இன்று போனில் வரும் பதிவுகளில் பாதிக்குப் பெயரே கிடையாது. எழுதியவர் கண்டாரா, கேட்டாரா என்றும் தெரியாது. என்றாலும் அவற்றை நம்புகிறோம்.

இதற்கு மருந்தென்று அரசு கொண்டுவந்தது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது 2024 ஜனவரி 24ஆம் திகதி, சுகிர்தராஜன் இறந்து சரியாகப் பதினெட்டு வருடம் கழித்து. எது பொய்யென்று தீர்மானிக்க, ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அன்று அப்படியொரு ஆணைக்குழு இருந்து, அந்தப் படங்களும் இணையத்தில் வந்திருந்தால், அவற்றைப் பொய்யென்று சொல்லி நீக்கக் கேட்கும் அதிகாரம் அந்த ஐந்து பேரிடம் இருந்திருக்கும்.