பைத்தான் மாட்யூல் இன்ஸ்டால் ஆக மறுக்கிறதா?

நண்பர் எழுதித் தந்த பைத்தான் மாட்யூல் உங்களிடம் இருக்கிறது. உபுண்டு 24.04-ல் டெர்மினலைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் சென்று, 'பிப் இன்ஸ்டால்' என டைப் செய்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டுகிறீர்கள். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று பிழைச் செய்தி வருகிறது. மாட்யூலைக் குறை சொல்லாதீர்கள்.

உபுண்டுவின் சொந்தப் புரோகிராம்கள் பல பைத்தானில்தான் இயங்குகின்றன. நீங்கள் ஏற்றும் மாட்யூல், அவற்றுக்குத் தேவையான ஒரு லைப்ரரியின் வேறு பதிப்பைக் கொண்டுவந்தால், சிஸ்டத்தை அப்டேட் செய்யும் புரோகிராமே படுத்துவிடலாம். ஆகவேதான் 2023-ல் உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றில் இந்தப் பூட்டைப் போட்டார்கள். அதை உடைக்கும் வழியும் அதே செய்தியில் இருக்கும்: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயரே பயமுறுத்துகிறதல்லவா? தொட வேண்டாம்.

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் பைத்தான்3-வென்வ் பேக்கேஜை நிறுவுங்கள். பிறகு பைத்தான்3, ஹைபன் எம், வென்வ், கடைசியில் நீங்கள் விரும்பும் ஒரு பெயர் என இடைவெளி விட்டு டைப் செய்யுங்கள். அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதனுள் 'பின்' ஃபோல்டரில் உள்ள 'ஆக்டிவேட்' ஃபைலை 'சோர்ஸ்' கட்டளையால் இயக்குங்கள். கட்டளை வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் தெரியும். இப்போது பழைய பிப் கட்டளையைக் கொடுங்கள்.

மறுநாள் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் திகைக்காதீர்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆக்டிவேட் செய்தது அந்த டெர்மினலுக்கு மட்டுமே. புதிதாகத் திறந்தால் மீண்டும் செய்ய வேண்டும். சந்தேகமிருந்தால் 'விச் பைத்தான்3' எனக் கேளுங்கள். விடையில் உங்கள் ஃபோல்டரின் பெயர் இல்லையென்றால், ஓடுவது சிஸ்டத்தின் பைத்தான்.