சிவந்த தோலுக்கு எந்த ட்யூப்?

மெடிக்கல் கவுன்டரில் அடிக்கடி கேட்கும் குரல்கள் இரண்டு. ‘பாப்பாவுக்குப் பாம்பர்ஸ் போட்ட இடமெல்லாம் செவந்து கெடக்கு.’ ‘ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, தடிச்சு அரிக்குது.’ பல கடைகளில் இரண்டுக்கும் ஒரே ட்யூப்தான் எடுத்துத் தரப்படுகிறது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் குழைத்த களிம்பு அது. போட்ட மறுநாளே சிவப்பு வடிந்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்திலும் அதற்கு நல்ல பெயர்.

அந்த வேகத்துக்குக் காரணம் ஸ்டீராய்டு. அது எரிச்சலை அடக்கும், எரிச்சலின் காரணத்தைத் தொடாது. டயபருக்குள் இருப்பது மெல்லிய, ஈரமான, இறுக்கி மூடப்பட்ட தோல். அங்கே தடவிய மருந்து மற்ற இடங்களைவிட மிக அதிகமாக உடலுக்குள் போகும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். பூஞ்சை இருந்தால் அதன் அடையாளம் மறைந்து உள்ளுக்குள் பரவும். பீட்டாமெத்தாசோன், க்ளோபீட்டசால் போன்ற வீரியமான வகைகளைத் தொடர்ந்து பூசினால் குழந்தையின் அட்ரினல் சுரப்பியின் வேலையே குறைந்துபோகலாம். தோல் மருத்துவர்கள் நெடுநாள் வலியுறுத்திய பிறகு, 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கவுன்டர் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பெட்டியில் ‘சோன்’ என்று முடியும் பெயரோ, க்ளோபீட்டசாலோ இருந்தால், மருத்துவர் எழுதித் தராதவரை அதைக் குழந்தைக்கு வாங்க வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? டயபர் புண் எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நனைந்த தோல் முதலில் ஊறித் தளர்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை மலத்தில் இருக்கும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக உடைக்க, தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அந்தச் சூழலில் மலத்தில் உள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கின்றன. பேதி ஆகும் நாட்களில் ஒரே இரவில் புண்ணாவது இதனால்தான். ஆக, வேண்டியது மருந்தைவிட முதலில் ஒரு தடுப்பு. மலம் போனவுடன் மாற்றுங்கள். வெறும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் போடாமல் காற்றாட விடுங்கள். பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பு, அது இல்லாவிட்டால் வாசலின். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவதைப் போல மெல்லிசாகப் பூசினால் போதாது. தோலின் நிறம் தெரியாத அளவுக்கு அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம், அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு அதன் மேலேயே பூசலாம்.

இப்படிச் செய்தும் இரண்டு மூன்று நாளில் குறையவில்லையென்றால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். சாதாரண எரிச்சல் தொடை மடிப்புகளை விட்டுவிட்டு மேடான இடங்களில் சிவக்கும். பூஞ்சை மடிப்புக்குள் புகுந்து அடர் சிவப்பாகப் படரும், ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறியிருக்கும். ஆன்டிபயாட்டிக் மருந்து குடித்த குழந்தைக்கு இது எளிதில் வரும். ஸ்டீராய்டு கலக்காத வெறும் க்ளோட்ரிமசோல் போன்ற பூச்சே பெரும்பாலும் போதும். பூஞ்சைதானா என்பதை மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் நல்லது. காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். பவுடர் வேண்டாம், பாட்டி எவ்வளவு சொன்னாலும். அதன் தூள் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும். போரிக் பவுடர் இன்னும் மோசம், புண்ணான தோல் வழியாக அது ரத்தத்தில் கலந்து விஷமாகும்.

பூச்சிக்கடிக்கு வருவோம். தேனீ கொட்டினால் சுண்ணாம்பு தடவும் வழக்கத்துக்குப் பள்ளி வேதியியல் பாடமும் துணை நிற்கிறது: விஷம் அமிலம், காரம் அதை முறிக்கும் என்று. தேனீ விஷத்தில் வலி தருவது முக்கியமாக மெலிட்டின் முதலான புரதப் பொருட்கள். அவை தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட பிறகு மேலே பூசுவது எதையும் முறிக்காது. சுண்ணாம்பு தோலைப் பொத்துப்போக வைப்பதுதான் மிச்சம். செய்ய வேண்டியது கொடுக்கை உடனே எடுப்பது. பிடுங்கினால் விஷப்பை பிதுங்கும், அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு வந்தது. 1996-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று காட்டியது. ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே தேனீயைக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள் என்பது கூடுதல் தகவல். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைக்கலாம். அரிப்புக்குக் கலாமைன் லோஷன் போதும். கொட்டிய இடம் இரண்டு நாள் வரை வீங்கிக்கொண்டே போவது இயல்பு, அதைக் கண்டு ஆன்டிபயாட்டிக் வாங்க ஓட வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால், அரிப்புக்கான மாத்திரையோ சிரப்போ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கற்பூரம் கலந்த தைலமும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, வாய்க்குள் போனால் வலிப்பு வரும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கவே கூடாது; செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் ரோமங்கள் அதோடு வந்துவிடும்.

வீட்டு வைத்தியம் பேசக் கூடாத நேரமும் உண்டு. கொட்டிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சில் இரைச்சல், தொடர் வாந்தி, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வையுங்கள். அப்போது உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், கதண்டுக் கூட்டம் கலைந்து பல இடங்களில் கொட்டினாலும், ஆள் தெம்பாகத் தெரிந்தால்கூட மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். விஷம் சேர்ந்து சிறுநீரகம் பழுதாவது பிறகுதான் தெரியவரும்.

வலியே இல்லாத கடி ஒன்றும் இருக்கிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சியின் இளம்பருவம் கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் வரலாம். தமிழ்நாட்டில், குறிப்பாக மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும், இது சகஜம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும்; அக்குள், இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். எல்லோருக்கும் அது இருப்பதில்லை, இருந்தாலும் அரிக்காததால் கண்ணில் படுவதில்லை. காய்ச்சல் விடாவிட்டால் உடையைக் களைந்து தேடிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற, உள்ளே சாப்பிடும் மருந்தால் குணமாகும். அந்தப் பொருக்கின் மேல் பூச எந்த ட்யூபும் தேவையில்லை.