வலிமையும் புகையும்



தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயை நோக்கிச் செல்லும் சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். வடகரை, பண்பொழி முதலிய ஊர்களில் பிறந்தவர்களுக்கு அது மிகவும் பழகிய சாலை. ஆனி, ஆடி மாதங்களில் அக்கணவாய் வழியே வரும் காற்றும் சாரலுமே குற்றாலத்துக்குப் பெருமை தேடித் தருகின்றன. அதே வழியாகத்தான் கேரளத்துக்குச் சுமையேற்றிய லாரிகளும் செல்கின்றன. பழைய லாரி ஒன்று ஏற்றத்தில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நம்மைக் கடக்கும்போது, "எஞ்சின் நன்றாக இழுக்கிறது, அதனால்தான் இவ்வளவு புகை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பிழையான எண்ணம். கரும்புகை வலிமையின் அடையாளமன்று. போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்து வீணான டீசலின் அடையாளம்.

இந்தச் சிறு உண்மையை நன்றாகப் பற்றிக்கொண்டால், இன்று இளைஞர் பலரும் கேட்கின்ற ஒரு கேள்விக்கு விடை காணலாம். டர்போ பொருத்திய காரின் வலிமையைக் கூட்ட முடியுமா? கூட்டினால் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டு நிற்க முடியுமா? இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

எஞ்சினுக்கு எரிபொருளே உணவு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எடையில் பார்த்தால் அது உட்கொள்வதில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது தன் கொள்ளளவு முழுதும் காற்றை இழுக்குமானால், நிமிடத்துக்கு 1800 லிட்டர் காற்று உள்ளே செல்லும். அதன் எடை சுமார் 2.1 கிலோ. அதைக் கொண்டு எரிக்கக்கூடிய பெட்ரோல் 143 கிராம் மட்டுமே. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் காற்றைக் கூட்டாவிட்டால் அது புகையாகுமேயன்றி வலிமையாகாது.

காற்றைக் கூட்டுவது எப்படி? எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் வெப்பமும் வேகமும் மிகுந்திருக்கின்றன. அருவி நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. இதுவே டர்போ. கார்களில் உள்ள சிறு டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. இக்கருத்துக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூகி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலர். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டு சென்று சோதித்தார். சமவெளியில் ஏறத்தாழ 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், காற்று மெலிந்த உச்சியில் 230 குதிரைத்திறனே தந்தது. டர்போவைப் பூட்டியதும் இழந்த வலிமை முழுதும் திரும்பிவிட்டது. எஞ்சினின் வலிமை காற்றில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஆனால் இங்கே ஓர் இடையூறு உண்டு. சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிந்து மெலிகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள தென்காசிக் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தினால், அதன் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் இரு மடங்கானாலும் காற்றின் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அக்காற்றை இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியே செலுத்தி 50 டிகிரிக்குக் கொணர்ந்தால், அடர்த்தி ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. ஒரு துளி பெட்ரோலையும் வீணாக்காமல் கிடைத்த ஊதியம் இது! வலிமை தேடும் பொறியியலர் முதலில் குளிர்ச்சியைத் தேடுவது இதனால்தான்.

இனிப் புகை விதிகளைக் காண்போம். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நடைமுறையில் உள்ளது. இதன்படி பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு மேல் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெளியிடலாகாது. டீசல் காருக்கு அந்த வரம்பு 80 மில்லிகிராம். முந்தைய விதியில் டீசல் காருக்கு 250 மில்லிகிராம் வரை இடம் இருந்தது. இந்த வாயுக்கள் நுரையீரலைத் தாக்குபவை. கார்பன் மோனாக்ஸைடோ இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதையே தடுத்துவிடும்.

வரம்பையும் வலிமையையும் ஒருங்கே காப்பது ஏன் கடினம்? டீசல் எஞ்சினில் காற்றுக்கு மிஞ்சி எரிபொருளைப் பீய்ச்சினால் கரி மிகும். எரியும் வெப்பத்தை உயர்த்தினால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மிகும். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது தலைதூக்கும். பெட்ரோல் எஞ்சினில் டர்போவின் அழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், கலவை தானாகவே வெடித்துத் தட்டல் ஓசை எழும். அதைத் தணிக்க மிகுதியாகப் பெட்ரோலைச் செலுத்துவர். அப்போது காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம் கெடுகிறது. சைலன்சருக்கு முன்னே உள்ள வினையூக்கி, அந்த விகிதம் சரியாக இருக்கும்போதுதான் மூன்று நச்சுக்களையும் ஒருசேர மாற்ற வல்லது. விகிதம் தவறினால் கார்பன் மோனாக்ஸைடு தடையின்றி வெளியேறும்.

அப்படியானால் விதிக்கு உட்பட்டு வலிமையைக் கூட்டவே இயலாதா? இயலும். ஃபியட் நிறுவனத்தார் வகுத்த 1248 சி.சி. டீசல் எஞ்சின் ஒன்று மாருதி கார்களில் நெடுங்காலம் ஓடிற்று. அதில் 75 குதிரைத்திறன் தருவது ஒரு வகை. 90 தருவது மற்றொரு வகை. கொள்ளளவு ஒன்றே, கட்டுப்பட்ட புகை விதியும் ஒன்றே. பின் வேறுபாடு எங்கே? முதல் வகையின் டர்போவில் புகை பாயும் வழி மாறாதது. இரண்டாவதில் அவ்வழியை அசையும் சிறு தகடுகள் நெருக்கவும் விரிக்கவும் செய்யும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் நீர் சீறிப் பாய்கிறதல்லவா? அதுபோலவே எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் டர்போ வேகம் பெறுகிறது. காற்று வந்த பிறகே எரிபொருள் கூடியது. திருப்பெரும்புதூரை அடுத்த ஹூண்டாய் ஆலையிலும் இதையே கண்டோம். 2019-இல் வெளிவந்த வென்யூ காரில் டர்போ இல்லாத 1197 சி.சி. எஞ்சின் 83 குதிரைத்திறன் தர, அதனினும் சிறிய 998 சி.சி. டர்போ எஞ்சின் 120 குதிரைத்திறன் தந்தது.

இத்தகைய மாற்றங்களைச் செய்வோர், அவற்றைப் புனேயிலும் ஒரகடத்திலும் உள்ள சோதனைக்கூடங்கள் போன்றவற்றில் அளந்து காட்டிய பின்னரே சாலைக்கு விடுகின்றனர். பட்டறையில் ஒரு மணி நேரத்தில் மென்பொருளை மாற்றிப் பெறும் வலிமைக்கு அந்தச் சான்று இல்லை. கரித்துகள் வடிகட்டியைக் கழற்றி எறிவதும், புகையைத் திருப்பி அனுப்பும் வால்வை அடைப்பதும் இதைவிடக் கேடானவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது.

"புகைச் சோதனையில் தேறிவிட்டதே!" என்று சிலர் வாதிடக்கூடும். அச்சோதனை நின்ற இடத்திலேயே நடப்பது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும் பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அதில் அகப்படுவதில்லை. சோதனையில் தேறுவது வேறு, தூய்மையாக ஓடுவது வேறு. சோதனைக்கூடத்தில் ஒருவிதமாகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடக்கும் மென்பொருளைப் பொருத்தியிருந்ததை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2015-இல் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த ஏமாற்று இருந்தது. காகிதத்தை ஏமாற்றலாம், நுரையீரலை ஏமாற்ற முடியாது.

உங்கள் வீட்டுக் காரில் வலிமை குறைந்ததாகத் தோன்றினால், இழந்ததை மீட்பதே முதற்கடமை. தூசி அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். டர்போவிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாயில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். இண்டர்கூலரின் மேல் படிந்த சேற்றைக் கழுவுங்கள். டயரில் உரிய காற்றும், எஞ்சினில் உரிய காலத்து எண்ணெயும் இருக்கட்டும். மலை ஏறி நின்றவுடன் எஞ்சினை அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால், கொதித்த டர்போ எண்ணெயால் ஆறும். இதற்கு மேலும் வேகத்தில் வேட்கை உடையோர்க்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. ஊர்ச் சாலை அதற்குரிய இடமன்று.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் வேதியியலையும் வெப்பவியலையும் ஊன்றிக் கற்பீர்களாக. ஒரு குதிரைத்திறனைக் கூட்டி ஒரு மில்லிகிராம் நஞ்சைக் குறைக்கும் கலைக்கு இன்னும் பலர் தேவைப்படுகிறார்கள். ஆரியங்காவு வழியே வரும் காற்றை மருந்தென நம்பித்தான் சாரல் காலத்தில் எத்தனையோ பேர் குற்றாலத்துக்கு வருகின்றனர். அக்காற்றை எஞ்சினும் உண்கிறது, நாமும் உண்கிறோம். எஞ்சின் உண்டு கழித்தது நமக்கு நஞ்சாகாமல் காப்பதே உண்மையான வலிமை.