பாதியில் திரும்பும் கப்பல்: போனது டிக்கெட் காசு மட்டுமா?

1986 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை மாலை. நியூசிலாந்தின் தெற்குத் தீவுக் கரையோரமாக ‘மிகயீல் லெர்மன்டவ்’ என்ற சோவியத் சொகுசுக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கேப் ஜாக்சன் என்ற முனைக்கும் அதன் எதிரே இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே ஒரு குறுகலான வழி. வழிகாட்டுவதற்காகக் கப்பலில் ஏறியிருந்த உள்ளூர் பைலட் அந்த வழியாகக் கப்பலைத் திருப்பினார். கடலடிப் பாறை கப்பலின் வயிற்றைக் கிழித்தது. அன்று இரவு பதினொரு மணிக்குள் கப்பல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. அருகில் இருந்த எரிவாயு டேங்கர் ஒன்றும் பயணிகள் ஃபெர்ரி ஒன்றும் ஓடிவந்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தன. இறந்தவர் கப்பல் ஊழியர் ஒருவர் மட்டும்.

அந்தக் கப்பலில் சிட்னியில் ஏறிய பயணிகளில் ஒருவர் திருமதி டில்லன். 14 நாள் பயணம். கப்பல் மூழ்கியது பத்தாவது நாள். அவர் தொடுத்த வழக்கு ஏழு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஹை கோர்ட்டில் முடிந்தது. அந்த நாட்டில் அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது. விடுமுறைப் பயணம் பாதியில் நின்றால் பயணிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

நான் சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதியில் பயண முகவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள்; அவர்கள் திரும்புவதற்குள் ஒரு கப்பல் பயணம் அனுப்பி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அந்த அம்மாக்களில் பலர் வாழ்நாளில் சமையலறையை விட்டு இத்தனை நாள் விலகி இருந்ததே இல்லை. அதனால் கப்பல் பாதியில் திரும்பும்போது அவர்கள் இழப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி பசிபிக் தீவுகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். நடுக்கடலில் இன்ஜின் கோளாறு. ஒரு தீவையும் பார்க்காமல் கப்பல் சிட்னிக்கே திரும்பிவிட்டது. கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. கட்டணத்தில் ஒரு பகுதி பணமாக. மீதி, ஒரு வருடத்துக்குள் போகும் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வவுச்சராக. கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: இதை ஏற்றுக்கொண்டால் இந்தப் பயணம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. பெரியவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் அலுவலகத்துக்கு வந்தார்.

“ஏன் அம்மிணி, அவிங்களே காசு தாரேன்னு சொல்லீட்டாங்கல்ல, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறதுதானுங்களே மரியாதை?”

“ஐயா, அடுத்த மாசம் நீங்க ஊருக்குப் போறீங்க. அந்த வவுச்சரைக் கோயம்புத்தூர்ல வச்சு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். பெரியவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

இதே நிலையில்தான் டில்லனும் இருந்தார். பயணத்துக்கு அவர் கட்டியது 2,205 ஆஸ்திரேலிய டாலர். கப்பல் மூழ்கியபின் கம்பெனி 787.50 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. பதினான்கில் ஐந்து பங்கு. ஓடாத நாட்களுக்குக் காசு கொடுத்தாயிற்று என்பது கம்பெனியின் கணக்கு. கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் கூரை இடிந்து விழுந்தால், வைக்காத பாயசத்துக்கு மட்டும் காசு கொடுத்துக் கணக்கை முடிக்க முடியுமா? அவருடைய உடைமைகள் கடலில் போயின. உடலும் மனமும் காயப்பட்டன. ஓய்வு தேடிப் போன இடத்தில் உயிர் பயம் மிஞ்சியது.

வழக்கு வந்ததும் கம்பெனி இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டியது. ஒன்று, டிக்கெட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனைகள். அவை கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பு கட்டின. மற்றொன்று, விபத்துக்குப் பிறகு ஒரு தொகையைக் கொடுத்து டில்லனிடம் வாங்கிய விடுதலைப் பத்திரம். இரண்டையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பயணத்தை உறுதி செய்யும் முன்பே நிபந்தனைகளைப் பயணிக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொள் என்பது செல்லாது என்றார்கள். விடுதலைப் பத்திரம் நியாயமற்றது என்று நியூ சவுத் வேல்ஸின் ஒப்பந்த மறுஆய்வுச் சட்டத்தின்படி தள்ளிவிட்டார்கள்.

ஹை கோர்ட்டுக்குப் போனவை இரண்டு கேள்விகள். முதலாவது: மீதிக் கட்டணம் 1,417.50 டாலரையும் கம்பெனி திருப்பித் தர வேண்டுமா? வேண்டாம் என்றது நீதிமன்றம். கப்பல் மூழ்கும்வரை ஒரு வாரத்துக்கும் மேலாக அவர் பயணத்தை அனுபவித்திருக்கிறார். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது: ஏமாற்றத்துக்கும் மனவேதனைக்கும் கீழ்நீதிமன்றம் கொடுத்த 5,000 டாலர் செல்லுமா? செல்லும் என்றது நீதிமன்றம். இந்த இரண்டாவது பதில்தான் முக்கியமானது.

பொதுவாக ஒப்பந்தம் மீறப்பட்டால் சட்டம் பண நஷ்டத்தைத்தான் பார்க்கும். சிமென்ட் மூட்டை நேரத்துக்கு வரவில்லை என்றால் வேலை நின்ற நஷ்டத்தைக் கேட்கலாம். மனசு நொந்தது என்று கேட்க முடியாது. விடுமுறைப் பயணம் அப்படிப்பட்ட ஒப்பந்தம் அல்ல. அங்கே விற்கப்படும் சரக்கே மகிழ்ச்சியும் ஓய்வும்தான். அதைத் தராவிட்டால் ஒப்புக்கொண்ட சரக்கைத் தரவில்லை என்று பொருள். இந்த வழியை முதலில் திறந்தது இங்கிலாந்தின் ஜார்விஸ் வழக்கு. விளம்பரப் புத்தகத்தை நம்பிச் சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போனவர் அவர். விருந்துக் கூட்டம் இருக்கும் என்று சொல்லியிருந்த விடுதியில் இரண்டாவது வாரம் அவரைத் தவிர வேறு விருந்தாளியே இல்லை. அவர் கட்டியது 63.45 பவுண்டு; மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது 125 பவுண்டு. கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கப்பல் மூழ்கினால்தான் இந்த உரிமை என்று நினைக்க வேண்டாம். 2013 ஜூனில் ஐரோப்பாவில் பெருவெள்ளம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை ஆற்றுக் கப்பலில் போகப் பணம் கட்டியிருந்த ஆஸ்திரேலியர்கள் பெரும்பகுதிப் பயணத்தைப் பேருந்தில் கழித்தார்கள். அவர்களில் மூர் என்ற பள்ளி ஆசிரியர் எல்லாருக்காகவும் வழக்குத் தொடுத்தார். அவருக்குக் கிடைத்த கப்பல் பயணம் மூன்றே நாள். வெள்ளம் கம்பெனியின் குற்றமல்லதான். ஆனால் ஆறு பெருகி ஓடுவது தெரிந்த பிறகும் விற்ற பயணத்தை அப்படியே நடத்தப் பார்த்தது கம்பெனியின் பொறுப்பு. எந்த நோக்கத்துக்காகப் பயணி பணம் கட்டினாரோ அந்த நோக்கத்துக்குப் பொருந்தும் சேவையைத் தர வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். மாநிலச் சட்டத்தில் உடல், மனக் காயங்களுக்கான இழப்பீட்டைக் கட்டுப்படுத்தும் பிரிவைக் காட்டி, ஏமாற்றத்துக்கும் பணம் தர வேண்டியதில்லை என்று கம்பெனி வாதாடியது. 2020 ஏப்ரலில் ஹை கோர்ட் அதை மறுத்தது. விடுமுறை கெட்டுப்போன ஏமாற்றம் நோயல்ல, காயமுமல்ல. ஒப்புக்கொண்டது கிடைக்காததன் நேரடி விளைவு.

அதே ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ‘ரூபி பிரின்சஸ்’ சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. கொரோனா பரவியதால் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு 19-ஆம் தேதி திரும்பியது. அந்தப் பயணத்தோடு தொடர்புடைய தொற்றில் 28 பேர் இறந்தார்கள். கம்பெனி உரிய கவனம் எடுக்கவில்லை என்று 2023 அக்டோபரில் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கை முன்னின்று நடத்திய பெண்மணிக்குக் கிடைத்தது மருத்துவச் செலவு 4,423.48 டாலரும் அதன் வட்டியும்தான். ஏமாற்றத்துக்குத் தனியாக எதுவும் இல்லை. காரணம், முழுக் கட்டணத்தையும் கம்பெனி முன்பே திருப்பிக் கொடுத்திருந்தது. ஒரே இழப்பைச் சட்டம் இரண்டு முறை எண்ணாது. டில்லனுக்கு மீதிக் கட்டணத்தை மறுத்ததன் பின்னாலும் இந்தக் கணக்கு இருந்தது. கேட்கும் முன் நாமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே கப்பலில் அமெரிக்க நிபந்தனைகளின்படி டிக்கெட் எடுத்தவர்களும் இருந்தார்கள். பலர் சேர்ந்து ஒரே வழக்காகத் தொடுக்கக் கூடாது, அமெரிக்காவில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது அவர்களுடைய டிக்கெட்டின் நிபந்தனை. சேர்ந்து வழக்குப் போடுவதைத் தடுக்கும் நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்று 2023 டிசம்பரில் ஹை கோர்ட் சொன்னது. அமெரிக்காவில் நிலைமை வேறு. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி, தங்களில் ஒருவர் கப்பலில் விழுந்து அடிபட்டதற்காகச் சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டில் ஃப்ளோரிடா என்று எழுதியிருந்ததால் அங்கேதான் போக வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிக்கெட் நிபந்தனை ஒரு நாட்டில் நிற்கிறது, இன்னொரு நாட்டில் விழுகிறது. எந்த நாட்டுக் கம்பெனி, எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கம்பெனிகள் தாமாகவே கொடுப்பதும் உண்டு. 2013 பிப்ரவரியில் ‘கார்னிவல் ட்ரையம்ப்’ கப்பலின் இன்ஜின் அறை தீப்பிடித்தது. மின்சாரம் போய், கழிப்பறைகள் நிரம்பி வழிய, மெக்சிகோ வளைகுடாவில் தத்தளித்த கப்பலை இழுவைக் கப்பல்கள் அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. முழுக் கட்டணம், அடுத்த பயணத்துக்கு அதே அளவு வவுச்சர், தலைக்கு 500 அமெரிக்க டாலர் என்று கம்பெனி அறிவித்தது. அதன்பின் அதே ஆண்டு மே மாதம் கப்பல் கம்பெனிகளின் சங்கம் பத்து அம்சப் பயணிகள் உரிமைப் பட்டியலை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுக் கட்டணம், பாதியில் நின்றால் பகுதிக் கட்டணம், வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டால் தங்கும் இடமும் ஊர் திரும்ப வழியும் அதில் உண்டு. புயலோ வெள்ளமோ வந்தால் இந்த வாக்குறுதி பொருந்தாது. அது இயந்திரக் கோளாறுக்கு மட்டும்.

காயமோ மரணமோ நேர்ந்தால் அதற்கு ஏதென்ஸ் உடன்படிக்கை இருக்கிறது. 1974-இல் பிறந்தது; 2002-இல் செய்த திருத்தம் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகளில் இதுதான் சட்டம். கப்பல் மூழ்குவது, மோதுவது, தரைதட்டுவது, தீப்பிடிப்பது போன்ற விபத்துகளில் காயத்துக்கும் மரணத்துக்கும் கப்பல்காரர் பொறுப்பு. சாமான்கள் தொலைந்தாலும் இழப்பீடு உண்டு. வழக்குக்கு இரண்டு ஆண்டு கெடு.

நம் ஊரில் சென்னையிலோ மதுரையிலோ பயணத்தை வாங்கியவர்களுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கை கொடுக்கும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அங்கேயும் இரண்டு ஆண்டுதான் கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கப்பல் திரும்பிவிட்டது என்று வந்து நிற்பவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்: டிக்கெட், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க முன்கூட்டிக் கட்டியது, மாற்றி எடுத்த விமான டிக்கெட், ஹோட்டல், டாக்ஸி. கப்பலில் செய்த அறிவிப்புகளை நேரத்தோடு குறித்து வையுங்கள். கேபினுக்கு வரும் கடிதங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். என்ன தருகிறோம் என்று கம்பெனி சொன்னதற்கு அதுதான் சாட்சி. பிறகு மூன்று கணக்கு எழுதுங்கள்: கிடைக்காத பயணத்தின் விலை, கையை விட்டுப் போன செலவு, கெட்டுப்போன விடுமுறை. மூன்றாவதை எழுத வெட்கப்படாதீர்கள். பயணக் காப்பீடு இருந்தால் அங்கேயும் உடனே தெரிவியுங்கள்.

கோயம்புத்தூர்ப் பெரியவருக்காக நாங்கள் எழுதிய கடிதமும் இப்படித்தான் இருந்தது. வவுச்சர் எங்களுக்குப் பயன்படாது, அதைப் பணமாகத் தாருங்கள். கப்பல் திரும்பியதால் ஆன ஹோட்டல் செலவைத் தாருங்கள். கோரிக்கையைக் கைவிடச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். முதல் பதில் மறுப்பு. நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று மறுபடி எழுதியபின் வவுச்சர் தொகை பணமாக வந்தது. ஹோட்டல் செலவும் வந்தது.

கம்பெனி முதலில் நீட்டும் தொகை அதன் கணக்கு. உங்கள் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை எழுதி முடிக்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.